புத்தகம் கைவிடும் இடம்

கென் தாம்ப்சன் நாள்தோறும் ஒரு மணி நேரத்தைத் தட்டச்சுக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார். யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவர் அவர். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள பெல் ஆய்வகத்தில் பணிபுரிந்தார். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் நிரல் எதுவும் எழுதவில்லை. பெல்கிரேடிலிருந்து வெளிவந்த செஸ் தொடக்கங்களின் கலைக்களஞ்சியத் தொகுதிகளை விரித்துவைத்து, அவற்றில் அச்சாகியிருந்த ஆட்ட வரிசைகளை ஒவ்வொன்றாகத் தன் செஸ் இயந்திரத்துக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இந்த வேலை நடந்தது. முடிந்தபோது சுமார் 3 லட்சம் நகர்வுகள் உள்ளே போயிருந்தன. ஜோ காண்டனோடு சேர்ந்து அவர் உருவாக்கிய அந்த இயந்திரத்தின் பெயரும் ‘பெல்’ என்றே ஒலிக்கும். 1980இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் நடந்த உலகக் கணினிச் செஸ் போட்டியில் அது பட்டம் வென்றது. 1983இல், அமெரிக்கத் தரப்பட்டியலில் மாஸ்டர் நிலையை எட்டிய முதல் இயந்திரம் என்ற பெயரையும் பெற்றது.

நொடிக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட நிலைகளை அலசக்கூடிய இயந்திரம் அது. அதற்கு மனிதர்கள் எழுதிய நூலை வரி வரியாக ஊட்ட வேண்டிய தேவை ஏன் வந்தது?

தொடக்கத்தில்தான் கணக்கு போடுவது மிகக் கடினம் என்பதே காரணம். வெள்ளையின் முதல் நகர்வுக்கு 20 வழிகள் உண்டு. கறுப்பும் ஒருமுறை நகர்த்தியதும் 400 வழிகள். இரு தரப்பும் இரண்டிரண்டு முறை நகர்த்தினால் 1,97,281. மும்மூன்று முறை என்றால் 11,90,60,324. எண்ணிக்கை பெருகுவது ஒரு தொல்லை என்றால், தவறுக்கான தண்டனை தாமதமாக வருவது இன்னொரு தொல்லை. ஏழாவது நகர்வில் தவறான சிப்பாயைத் தள்ளினால் அதன் விளைவு சில சமயம் இருபத்தைந்தாவது நகர்வில்தான் தெரியும். எட்டு, பத்து நகர்வுகள் மட்டுமே முன்னோக்கிப் பார்க்கிற இயந்திரத்துக்கு அந்த விளைவு கண்ணில் படாது. அன்றைய நிரல்கள் கையில் கிடைத்த சிப்பாயை வெட்டிவிட்டு, ராணியை முன்கூட்டியே வெளியே கொண்டுவந்து, பின்னர் திண்டாடியதற்கு இதுதான் காரணம். நூற்றாண்டுக் கணக்கில் மனிதர்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை இயந்திரம் கணக்கிட்டுக் கண்டுபிடிக்க முடியாதபோது, பட்டவர்களின் அனுபவத்தைக் கொடுத்துவிடுவதுதான் வழி.

இன்னும் இரண்டு பயன்கள் இருந்தன. ஒன்று, நேரம். முதல் பன்னிரண்டு நகர்வுகளைக் கடிகாரம் அசையும் முன்பே ஆடிவிட்டால், மிச்சமான நிமிடங்களைச் சிக்கலான நடு ஆட்டத்தில் செலவிடலாம். மற்றொன்று, பன்முகம். ஒரே நிரல், ஒரே நிலை, ஒரே நேர அளவு என்றால் விடையும் பெரும்பாலும் ஒன்றாகவே வரும். ஒருமுறை தோற்ற ஆட்டத்தை அச்சு அசலாக மறுமுறையும் தோற்கும். புத்தகத்திலிருந்து பல நல்ல நகர்வுகளில் ஒன்றைத் தற்செயலாகப் பொறுக்கினால் அந்த அபாயம் குறையும்.

இந்த யோசனை கணினிச் செஸ் பிறந்தபோதே பிறந்துவிட்டது. 1950இல் வெளியான தன் புகழ்பெற்ற கட்டுரையில் கிளாட் ஷானன் இதைச் சொல்லியிருக்கிறார். சில நூறு வழக்கமான தொடக்கங்களை இயந்திரத்தின் நினைவகத்தில் வைத்துவிடலாம், எதிராளி அவற்றிலிருந்து விலகும்வரை அது நினைவிலிருந்தே ஆடட்டும் என்பது அவர் கருத்து. இதை ஏமாற்று என்று சொல்ல முடியாது, மாஸ்டர்களும் தொடக்கத்தை அப்படித்தான் ஆடுகிறார்கள் என்றும் அவர் வாதிட்டார். அந்த வாதத்தின் மீது பின்னாளில் நிறைய சண்டை நடந்தது.

ஷானன் எழுதியதை 1967இல் எம்.ஐ.டி.யில் ரிச்சர்ட் கிரீன்பிளாட் உருவாக்கிய ‘மேக் ஹேக்’ நிரல் செய்து காட்டியது. அதன் தொடக்கப் புத்தகத்தில் பங்களித்தவர்களில் லாரி காஃப்மன் என்ற மாணவரும் ஒருவர். 2008இல் கிராண்ட்மாஸ்டர் ஆகி, ‘ரிப்கா’, ‘கொமோடோ’ போன்ற வலிமைமிக்க செஸ் எஞ்சின்களின் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தவர் அவர்தான். கணினிச் செஸ்ஸின் வரலாறு முழுவதும் நிரலாளருக்குப் பக்கத்தில் இப்படி ஒரு செஸ் ஆட்டக்காரர் உட்கார்ந்திருக்கிறார். பெரும்பாலும் அவருடைய வேலை புத்தகம் எழுதுவது.

‘புத்தகம்’ என்று பழக்கத்தில் சொன்னாலும் கணினிக்குள் அது பக்கங்களாக இருப்பதில்லை. பலரும் பயன்படுத்துகிற ஒரு வடிவத்தை அருகில் சென்று பார்க்கலாம். ஃபேபியன் லெட்டூசே என்ற பிரெஞ்சு நிரலாளர் உருவாக்கிய ‘பாலிக்ளாட்’ வடிவத்தில் ஒவ்வொரு பதிவும் சரியாக 16 பைட்டுகள். முதல் 8 பைட்டுகளில் பலகையின் நிலையைக் குறிக்கும் ஓர் எண், அடுத்த 2 பைட்டுகளில் ஆட வேண்டிய நகர்வு, அடுத்த 2 பைட்டுகளில் அந்த நகர்வுக்கான எடை, கடைசி 4 பைட்டுகள் கற்றலுக்கென ஒதுக்கப்பட்டவை. பத்து லட்சம் பதிவுகளைச் சேர்த்தாலும் 16 மெகாபைட்தான் ஆகும். கைப்பேசியில் எடுக்கும் சில புகைப்படங்களின் அளவு.

அந்த முதல் எண் உருவாகும் விதம் அழகானது. ஆல்பர்ட் ஸோப்ரிஸ்ட் 1970இல் முன்வைத்த முறை அது. இரு நிறங்களிலுமாகப் பன்னிரண்டு வகைக் காய்கள், 64 கட்டங்கள், பெருக்கினால் 768. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய தற்செயல் எண். கோட்டை கட்டும் உரிமைகளுக்கு 4, ‘ஆன் பாசான்’ வெட்டுக்கு 8, யார் ஆட வேண்டும் என்பதற்கு 1. ஆக மொத்தம் 781 எண்கள். பலகையில் இருக்கும் காய்களுக்கும் உரிமைகளுக்கும் உரிய எண்களை ஒன்றோடொன்று பிட் வாரியாகக் கலந்தால் அந்த நிலைக்கான அடையாள எண் கிடைத்துவிடும். எந்த வழியாக அந்த நிலைக்கு வந்தோம் என்பது இதில் ஒரு பொருட்டே அல்ல. டி கோட்டுச் சிப்பாயை முதலில் தள்ளி, சி கோட்டுச் சிப்பாயைப் பிறகு தள்ளினாலும், வரிசையை மாற்றித் தள்ளினாலும் வந்து சேரும் நிலை ஒன்றுதான், எண்ணும் ஒன்றுதான். எதிராளி நகர்வுகளின் வரிசையை மாற்றி ஏமாற்றப் பார்த்தால் இயந்திரம் ஏமாறாது. அச்சு நூலைக் கரைத்துக் குடித்த ஆட்டக்காரர்கள்கூட வழுக்கி விழும் இடம் இது.

நிலையை அடையாளம் காண்பது சுலபம்; எந்த நகர்வைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் சிக்கல். பாலிக்ளாட் நிரல் ஆட்டத் தொகுப்பிலிருந்து தானாகப் புத்தகம் செய்யும்போது, ஒரு நகர்வை ஆடியவர் பெற்ற வெற்றிகளை இரண்டால் பெருக்கி, அதோடு டிராக்களைக் கூட்டி எடையாக வைத்துக்கொள்கிறது. அதிக எடையுள்ள நகர்வு அடிக்கடி ஆடப்படும். பார்வைக்கு நியாயமான ஏற்பாடு. ஆனால் இதற்குள் ஒரு பள்ளம் இருக்கிறது.

ஒரு தொடக்க வரிசை பத்தாண்டுகள் செல்வாக்கோடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் ஆட்டங்களில் அது நல்ல பலன் தந்திருக்கிறது. ஒருநாள் யாரோ ஒருவர் அதை உடைக்கும் பதிலைக் கண்டுபிடிக்கிறார். அந்தப் பதில் இரண்டு, மூன்று ஆட்டங்களில் தலைகாட்டியதும் உலகத்து மாஸ்டர்கள் அனைவரும் அந்த வரிசையைக் கைவிட்டுவிடுகிறார்கள். இப்போது தொகுப்பில் இருப்பது என்ன? ஆயிரம் நல்ல ஆட்டங்களும் மூன்று கெட்ட ஆட்டங்களும். வல்லுநர்கள் அதை ஆடுவதை நிறுத்திவிட்டார்கள் என்ற செய்தி, அதாவது உண்மையான தீர்ப்பு, எந்த ஆட்டத்திலும் பதிவாகவில்லை. ஆடப்படாத ஆட்டத்துக்கு எடை கிடையாது. எனவே இயந்திரம் நம்பிக்கையோடு அதே வரிசையில் நடந்துபோய்ப் பள்ளத்தில் விழுகிறது. பெரும் தொகுப்பைக் கொட்டிச் செய்த புத்தகங்கள் எவ்வளவு தடித்தாலும் கையால் செய்த மெல்லிய புத்தகத்திடம் தோற்றதற்குக் காரணம் இதுதான்.

அந்தக் கைவேலைக்காரர்களின் பெயர்கள் செஸ் உலகுக்கு வெளியே அதிகம் தெரியாது. நெதர்லாந்தின் யெரூன் நோமென் ‘ரெபெல்’ நிரலுக்கும் பின்னர் ‘ரிப்கா’வுக்கும் புத்தகம் எழுதினார். அலெக்ஸாண்டர் கூரே ‘ஃபிரிட்ஸ்’ நிரலுக்கு எழுதினார். இவர்களின் வேலை சிறந்த நகர்வுகளைத் திரட்டுவதோடு முடிவதில்லை. தன் நிரலின் குணத்தை அவர்கள் அறிந்திருக்க வேண்டும். கோட்பாட்டின்படி சமநிலை என்று சொல்லப்படும் இரண்டு நிலைகளில் ஒன்று திறந்த பலகை, கத்திச் சண்டை. மற்றொன்று சிப்பாய்கள் பூட்டிக்கொண்ட, பொறுமையாகத் திட்டமிட வேண்டிய நிலை. முதலாவதில் நிரல் உலகச் சாம்பியனையே கலங்கடிக்கும். இரண்டாவதில் காய்களை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும். புத்தகத்தின் தரத்தை அதில் எத்தனை நகர்வுகள் உள்ளன என்பதை வைத்து மதிப்பிட முடியாது. அது இயந்திரத்தை எந்த இடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தான் விலகிக்கொள்கிறது என்பதுதான் அளவுகோல்.

இதற்கு 2002 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த போட்டியைவிடத் தெளிவான சாட்சி இல்லை. கிராண்ட்மாஸ்டர் விளாதிமிர் கிராம்னிக்குக்கும் டீப் ஃபிரிட்ஸுக்கும் எட்டு ஆட்டங்கள். போட்டிக்கு முன்பே நிரலின் பிரதி கிராம்னிக்கிடம் கொடுக்கப்பட்டிருந்தது. அவர் அதை நன்றாகப் படித்துவிட்டு வந்தார். முதல் ஆட்டத்தில் இயந்திரம் வெள்ளை. கிராம்னிக் பெர்லின் தற்காப்பை ஆடினார். எட்டாவது நகர்விலேயே ராணிகள் பலகையை விட்டுப் போய்விட்டன; ஆட்டம் டிரா. இரண்டாவது ஆட்டத்தில் ராணிப்பக்கக் காம்பிட் ஏற்பு, மறுபடியும் ராணிகள் சீக்கிரமே வெளியேறின, கிராம்னிக் வென்றார். மூன்றாவது ஆட்டத்தில் ஃபிரிட்ஸ் தரப்பு வழியை மாற்றி ஸ்காட்ச் தொடக்கத்துக்குப் போனது. அங்கும் ராணிகள் மாறிக்கொண்டன. அங்கும் கிராம்னிக் வென்றார்.

ஃபிரிட்ஸின் புத்தகம் இந்த மூன்று ஆட்டங்களிலும் ‘தவறான’ நகர்வு எதையும் தரவில்லை. அவை எல்லாம் மாஸ்டர்கள் ஆடி, மரியாதை பெற்ற வரிசைகள். ஆனால் ராணி இல்லாத பலகையில் இயந்திரத்தின் பெரும் பலமான தாக்குதல் கணக்கு மழுங்கிப்போகும் என்று கிராம்னிக்குக்குத் தெரிந்திருந்தது, புத்தகத்துக்குத் தெரியவில்லை. பின்பாதியில் கிராம்னிக் ஐந்தாவது, ஆறாவது ஆட்டங்களை இழந்ததால் போட்டி 4–4 என்று முடிந்தது. ஆனாலும் முதல் மூன்று ஆட்டங்களின் பாடத்தைப் புத்தகம் எழுதுவோர் நன்றாகவே படித்துக்கொண்டார்கள்.

இதற்கு நேர்மாறான கதை அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, 1997இல், நியூயார்க்கில் நடந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தின் டீப் புளூ நொடிக்கு 20 கோடி நிலைகள் வரை அலசக்கூடியது. அந்த வேகத்தைப் பற்றியே உலகம் பேசியது. அதன் தொடக்கப் புத்தகத்தைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. கிராண்ட்மாஸ்டர் ஜோயல் பெஞ்சமின் தலைமையில், நிக் டி ஃபர்மியன், ஜான் ஃபெடரோவிச், மிகேல் இயெஸ்காஸ் ஆகிய கிராண்ட்மாஸ்டர்களின் துணையோடு கையாலேயே செய்யப்பட்ட அந்தப் புத்தகத்தில் சுமார் 4,000 நிலைகள் மட்டுமே இருந்தன. ஒவ்வொரு நிலையையும் இயந்திரமே இரவு முழுவதும் ஓடிச் சரிபார்த்திருந்தது. அதற்கு அப்பால் 7 லட்சம் ஆட்டங்களிலிருந்து திரட்டிய இன்னொரு ஏற்பாடு இருந்தது. கைப்புத்தகம் முடிந்த பிறகு, ஒரு நகர்வை எத்தனை பேர் ஆடினார்கள், எவ்வளவு வலிமையானவர்கள் ஆடினார்கள், எவ்வளவு சமீபத்தில் ஆடினார்கள், விளக்கவுரையாளர்கள் என்ன குறியிட்டார்கள் என்பவற்றையெல்லாம் சேர்த்து இயந்திரத்தின் கணக்கில் ஒரு சிறு சாய்வை உண்டாக்கும் ஏற்பாடு அது. ‘எவ்வளவு சமீபத்தில்’ என்ற அளவுகோலைக் கவனிக்க வேண்டும். கைவிடப்பட்ட வரிசைகளின் பள்ளத்தை டீப் புளூ குழுவினர் அறிந்தே வேலி போட்டிருக்கிறார்கள்.

நியூயார்க்கில் டீப் புளூவோடு மோதிய உலகச் சாம்பியன் கேரி காஸ்பரோவுக்குப் புத்தகத்தின் பலம் தெரியும். அதனால் மூன்றாவது ஆட்டத்தில் ராணிக்கு முன்னிருக்கும் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் மட்டும் தள்ளி ஆட்டத்தைத் தொடங்கினார். உலகச் சாம்பியன் ஒருவர் அப்படித் தொடங்குவது வழக்கமே அல்ல. இயந்திரத்தை அதன் புத்தகத்திலிருந்து வெளியே இழுப்பதே நோக்கம். இழுத்துவிட்டார், ஆனால் தன்னையும் தனக்குப் பழக்கமான களத்திலிருந்து வெளியே இழுத்துக்கொண்டார். தொடக்க ஆய்வில் உலகிலேயே ஆழமானவர் எனப் பெயரெடுத்தவர், அந்த ஆய்வில் எதையும் பயன்படுத்த முடியாத ஆட்டத்தை ஆட நேர்ந்தது. அது டிராவில் முடிந்தது.

1997 மே 11 அன்று ஆறாவது, கடைசி ஆட்டம். இருவரும் இரண்டரைப் புள்ளிகளோடு சமநிலையில் இருந்தார்கள். காஸ்பரோவ் கறுப்பு, காரோ-கான் தற்காப்பு. ஏழாவது நகர்வில் வழக்கமாகப் பிஷப்பை வெளியே கொண்டுவருவார்கள். காஸ்பரோவ் அதற்கு முன்பே எச் கோட்டுச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி வெள்ளைக் குதிரையை விரட்டினார். குதிரை பின்வாங்கவில்லை. இ6 கட்டத்திலிருந்த சிப்பாயை வெட்டித் தன்னைப் பலி கொடுத்தது. இப்படி ஒரு பலி இருப்பது மனித மாஸ்டர்களுக்குத் தெரியும். ஆனால் கொடுத்த குதிரைக்கு உடனடி லாபம் எதுவும் கணக்கில் தெரியாது; கறுப்பு ராஜா நடுவிலேயே மாட்டிக்கொண்டு மெல்ல மெல்ல மூச்சுத் திணறுவதுதான் லாபம். அப்படிப்பட்ட நீண்டகால ஈட்டை அன்றைய இயந்திரம் தானாகத் தேர்ந்தெடுக்காது என்பதே காஸ்பரோவ் போட்ட கணக்கு. அந்தக் கணக்கில் பெரிய பிழை இல்லை. அந்த நகர்வு தேடலிலிருந்து வரவில்லை, புத்தகத்திலிருந்து வந்தது. 19 நகர்வுகளில் காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார். போட்டியையும் 3.5–2.5 என்ற கணக்கில் இழந்தார்.

பல ஆண்டுகள் கழித்து, 2009இல் ‘நியூ இன் செஸ்’ இதழுக்கு அளித்த நேர்காணலில் இயெஸ்காஸ் ஒரு செய்தியைச் சொன்னார். அந்தக் குதிரைப் பலியை அன்று காலையில்தான் புத்தகத்தில் சேர்த்தார்கள். காஸ்பரோவ் அந்தச் சிப்பாயைத் தள்ளினால் யோசிக்காமல் வெட்டு என்பதே இயந்திரத்துக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை. வரலாற்றில் இயந்திரம் மனிதனை வென்ற நாள் என்று எழுதப்படும் அந்த நாளின் மிக முக்கியமான நகர்வை மனிதர்களே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதற்காக டீப் புளூவின் வெற்றியைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. எட்டாவது நகர்வுக்குப் பிறகு, காய் நட்டத்தில் இருந்தபடியே தாக்குதலைப் பிசகின்றி நடத்தியது இயந்திரம்தான். ஆனால் புத்தகத்தைக் கணக்கில் எடுக்காமல் அந்த ஆட்டத்தைப் பேசுவது பாதிக் கதையைச் சொல்வதாகும்.

ஷானன் 1950இல் தொட்டுவிட்டுப் போன நியாயக் கேள்வி இங்கே முழு உருவத்தில் எழுகிறது. மனிதன் நினைவிலிருந்து ஆடுகிறான். இயந்திரமும் நினைவிலிருந்து ஆடுகிறது. ஆனால் மனிதன் மறப்பான், தடுமாறுவான், பதற்றத்தில் இரண்டு வரிசைகளைக் குழப்பிக்கொள்வான். பல கிராண்ட்மாஸ்டர்கள் சேர்ந்து எழுதிய குறிப்பை வரி பிசகாமல் புரட்டும் வசதி அவனுக்கு இல்லை. 2006 நவம்பர்–டிசம்பரில் ஜெர்மனியின் பான் நகரில் கிராம்னிக் மறுபடியும் டீப் ஃபிரிட்ஸோடு மோதியபோது இதற்கு ஒரு தீர்வு வகுத்தார்கள். இயந்திரம் புத்தகத்துக்குள் இருக்கும்வரை அந்தப் புத்தகத்தில் உள்ளவற்றைக் கிராம்னிக்கும் திரையில் பார்த்துக்கொள்ளலாம். சிந்தித்துப் பார்த்தால் இது மிக நேர்மையான விதி. இயந்திரத்தின் சொந்த யோசனையை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மனிதர்கள் அதற்கு எழுதிக் கொடுத்ததை மட்டும் பொதுவில் வைத்தார்கள். அப்படியும் கிராம்னிக் 2–4 எனத் தோற்றார். புத்தகம் இல்லாமலேயே வெல்லும் அளவுக்கு இயந்திரம் வளர்ந்துவிட்டது என்பதற்கு அதுவும் ஓர் அறிகுறி.

தோற்ற வரிசையையே மறுபடியும் ஆடும் நோய்க்கு மருந்து தேடியவர் அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் ஹயட். அவருடைய ‘கிராஃப்டி’ நிரல் இணையச் செஸ் தளத்தில் இரவும் பகலும் ஆடிக்கொண்டிருந்தது. ஒருமுறை அதை வென்றவர்கள் அதே நகர்வுகளை மறுபடி மறுபடி ஆடி வெற்றிகளைக் குவிக்கத் தொடங்கினார்கள். ஹயட் செய்தது இதுதான்: புத்தகம் முடிந்த பிறகு வரும் பத்து நகர்வுகளில் நிரல் தன் நிலையைப் பற்றி என்ன மதிப்பிடுகிறது என்பதைக் கவனிக்க வைத்தார். மதிப்பு தொடர்ந்து சரிந்தால், தன்னை அங்கே கொண்டுவந்து விட்ட புத்தக வரிசையின் மீது நிரல் பழிபோட்டு, அதன் எடையைக் குறைத்துக்கொள்ளும். உயர்ந்தால் எடையைக் கூட்டும். ஆட்டத்தின் முடிவை மட்டும் பார்ப்பதைவிட இது எவ்வளவோ கூர்மையானது. நாற்பதாவது நகர்வில் செய்த தவறுக்குத் தொடக்கத்தைத் தண்டிக்கும் அநியாயம் இதில் நடக்காது. இதை விவரித்து அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை 1999இல் சர்வதேசக் கணினிச் செஸ் சங்கத்தின் ஆய்விதழில் வந்தது.

ஆட்டத்தின் மறுமுனையில் நிலைமை வேறு. பலகையில் மொத்தம் ஏழு காய்களோ அதற்குக் குறைவோ இருந்தால், எந்த நிலையானாலும் வெற்றியா, தோல்வியா, டிராவா என்று பிழையின்றிச் சொல்லும் இறுதியாட்ட அட்டவணைகள் இன்று இருக்கின்றன. அவை பின்னாலிருந்து முன்னோக்கிக் கணக்கிட்டு நிறுவப்பட்ட உண்மைகள். அவற்றோடு யாரும் வாதாட முடியாது. தொடக்கப் புத்தகம் அப்படிப்பட்டதல்ல. 32 காய்களும் நிற்கும் நிலையில் உண்மை எது என்று எவருக்கும் தெரியாது. எனவே புத்தகத்தில் உள்ள ஒவ்வொரு நகர்வும் யாரோ ஒருவரின் கருத்துதான். கருத்து நாளைக்கு மாறலாம்.

2017 டிசம்பரில் அந்தக் கருத்துகள் அத்தனைக்கும் ஒரு பெரும் சோதனை வந்தது. டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஸீரோ, ஆட்ட விதிகளை மட்டும் கொடுத்தால் போதும் என்று தன்னோடு தானே கோடிக்கணக்கான ஆட்டங்கள் ஆடிக் கற்றுக்கொண்டது. ஒரு மனித ஆட்டத்தைக்கூட அது பார்க்கவில்லை. அப்படியிருந்தும், மனிதர்கள் நூற்றாண்டுகளில் கண்டடைந்த பிரபலத் தொடக்கங்களை அது தன் பயிற்சியின்போது தானே கண்டடைந்தது. சிலவற்றைச் சில காலம் விரும்பி ஆடிவிட்டுப் பின்னர் உதறியது. அன்றைய வலிமைமிக்க எஞ்சினான ஸ்டாக்ஃபிஷோடு ஆடிய 100 ஆட்டங்களில் 28 வெற்றி, 72 டிரா, ஒரு தோல்விகூட இல்லை.

முடிவு வெளியானதும் எழுந்த முதன்மையான ஆட்சேபங்களில் ஒன்று புத்தகத்தைப் பற்றியது. ஸ்டாக்ஃபிஷுக்குத் தொடக்கப் புத்தகம் கொடுக்கப்படவில்லை. புத்தகம் இருக்கும் என்ற எதிர்பார்ப்போடு வளர்ந்த நிரலை அது இல்லாமல் களத்தில் இறக்கியது சரியா என்று செஸ் உலகம் கேட்டது. நியாயமான கேள்விதான். டீப்மைண்ட் குழுவினர் அதைத் தட்டிக் கழிக்கவில்லை. 2018 டிசம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் வந்த முழுக் கட்டுரையில் 1,000 ஆட்டங்களின் முடிவைத் தந்தார்கள்: ஆல்ஃபாஸீரோ 155 வெற்றி, 6 தோல்வி, மற்றவை டிரா. கூடவே, வலுவான தொடக்கப் புத்தகம் கொண்ட ஸ்டாக்ஃபிஷோடும், கணினிப் போட்டிகளில் பயன்படும் தொடக்க நிலைகளிலிருந்தும் தனித்தனியாக மோதவிட்டார்கள். அவற்றிலும் ஆல்ஃபாஸீரோவே முன்னிலை பெற்றது. 2020 செப்டம்பரில் ஸ்டாக்ஃபிஷும் தன் 12ஆம் பதிப்பில் நரம்பியல் வலையமைப்பைச் சேர்த்துக்கொண்டது. புத்தகம் இல்லாவிட்டால் தொடக்கத்திலேயே தடுமாறும் எஞ்சின் என்று இன்று முன்னணியில் எதுவும் இல்லை.

அறிவு பாயும் திசையும் இதற்கிடையே திரும்பிவிட்டது. கிராம்னிக் 2006இல் இயந்திரத்திடம் தோற்ற அதே பான் நகரக் கலைக்கூடத்தில்தான் 2008இல் சென்னையின் விஸ்வநாதன் ஆனந்த் அவரோடு உலகப் பட்டத்துக்காக மோதினார். மூன்றாவது ஆட்டத்திலும் ஐந்தாவது ஆட்டத்திலும் ஆனந்த் கறுப்புக் காய்களோடு மெரான் தற்காப்பில் அபாயகரமான ஒரே வரிசையை ஆடி இரண்டையும் வென்றார். ராஜாவைப் பற்றிக் கவலைப்படாமல் பதினான்காவது நகர்வில் பிஷப்பை பி7 கட்டத்துக்குக் கொண்டுவருவதே அந்த வரிசையின் உயிர்நாடி. பீட்டர் ஹைனே நீல்சன், சூர்ய சேகர் கங்குலி உள்ளிட்ட துணைவர்களின் தயாரிப்பு ஆனந்துக்குப் பின்னால் இருந்தது. 6.5–4.5 என்று அவர் பட்டத்தைத் தக்கவைத்தார். தொடக்க ஆட்டத்தில் இயந்திரத்துக்கு மனிதன் ஓதிய காலம் போய், கிராண்ட்மாஸ்டர்கள் தம் புத்தகங்களை எஞ்சினோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டு வரும் காலம் வந்துவிட்டது.

இந்த நிலையில் கணினிப் போட்டிகளுக்குப் புத்தகம் எதற்கு? விடை எதிர்பாராதது. இரண்டு வலிமையான எஞ்சின்களைத் தொடக்க நிலையிலிருந்து ஆடவிட்டால் ஆட்டங்கள் பெரும்பாலும் டிராவில் முடிகின்றன. நூறு டிராக்களைப் பார்த்து எது வலியது என்று சொல்ல முடியாது. ஆகவே, எஞ்சின்களின் உயர்மட்டப் போட்டியான டிசெக்கில் எந்த எஞ்சினும் தன் சொந்தப் புத்தகத்தோடு வருவதில்லை. அமைப்பாளர்கள் தேர்ந்தெடுத்த தொடக்கத்திலிருந்துதான் ஆட வேண்டும். ஒவ்வொரு தொடக்கத்தையும் இரு எஞ்சின்களும் வெள்ளையாக ஒருமுறை, கறுப்பாக ஒருமுறை ஆடும். அந்தத் தொடக்கங்களைத் தேர்ந்தெடுப்பவர்களில் முதன்மையானவர், ஒரு காலத்தில் ரிப்காவுக்குப் புத்தகம் எழுதிய அதே யெரூன் நோமென்தான்.

அன்று அவர் தேடியது தன் நிரலுக்கு வசதியான நிலைகளை. இன்று தேடுவது இருவருக்கும் சங்கடமான நிலைகளை. தேர்ந்தெடுக்கும் தொடக்கத்தில் வெள்ளைக்குச் சாதகம் மிகையாக இருந்தால் இரண்டு ஆட்டங்களிலும் வெள்ளையே வெல்லும்; ஆளுக்கொரு வெற்றி, யார் வலியவர் என்பது தெரியாது. சாதகம் குறைவாக இருந்தால் இரண்டும் டிரா; அப்போதும் தெரியாது. வெற்றிக்கும் டிராவுக்கும் நடுவே, விளிம்பில் நிற்கும் நிலைதான் வேண்டும். அங்கேதான் வலிய எஞ்சின் வெள்ளையாக வெல்லும். அதே நிலையைக் கறுப்பாக ஆடும்போது தாக்குப்பிடிக்கும்.

ஸ்டாக்ஃபிஷை வளர்க்கும் தன்னார்வலர்களும் இதே வழியைத்தான் பின்பற்றுகிறார்கள். மனிதர்கள் ஆடிய ஆட்டங்களிலிருந்து, வெள்ளைக்குச் சற்றே கூடுதலாகச் சாய்ந்த நிலைகளைப் பொறுக்கி ஜெர்மனியின் ஸ்டீஃபன் போல் தொகுத்த ‘சமநிலையற்ற மனிதத் தொடக்கங்கள்’ அவர்களின் சோதனைக் களத்தில் பயன்படும் புத்தகங்களுக்கு அடிப்படை. நிரலின் ஆட்டத்திறனைக் கூட்டுவதாகச் சொல்லி யாராவது ஒரு வரியைத் திருத்தினால், பழைய பதிப்பும் புதிய பதிப்பும் அத்தகைய நிலைகளிலிருந்து நிறம் மாற்றி மாற்றிப் பல்லாயிரம் ஆட்டங்கள் மோதுகின்றன. அதில் தேறிய பிறகுதான் அந்தத் திருத்தம் ஸ்டாக்ஃபிஷுக்குள் நுழைகிறது.